அப்பா போட்ட அஞ்சு

"ஏழாவதுக்கு அஞ்சு போடு புள்ள," என்றார் அப்பா. நான் கேள்வியை வாசித்து முடிக்கக்கூட இல்லை.

ஏழாம் கேள்வி இதுதான்: 'கடமையில் உங்கள் மன உறுதி எந்த அளவில் உள்ளது? 1 முதல் 5 வரை குறிப்பிடவும்.' அப்பா பொலிஸில் 33 வருஷம் இருந்து சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அவர் லீவு முடிந்து திரும்பிப் போவதற்கு முந்தைய இரவுகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவார். கிவி டின் மூடியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். பழைய பெனியன் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, தண்ணீரில் ஒரு தரம், பொலிஷில் ஒரு தரம் தொட்டு, சப்பாத்தின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். விளக்கு வெளிச்சம் அதில் தெரிகிற அளவுக்கு மின்னிய பிறகும் நிறுத்த மாட்டார். "படுங்களேன்" என்று அம்மா உள்ளே இருந்து சொல்வார். "இந்தா, முடிஞ்சுது" என்பார். முடியாது. விடியற்காலை பஸ்ஸுக்கு எழும்புகிற நேரம் வரை அந்தத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். போக மனமில்லாத ஒரு மனிதர் இரவைத் தள்ளிக்கொண்டு இருந்தார் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது.

அப்படிப்பட்டவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அஞ்சு போடச் சொல்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தப் படிவம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்கிறேன். நான் இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலையில் இருந்துகொண்டு சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கணக்கெடுப்பு, கருத்தாய்வு என்று வந்தால் அதற்கும் போவேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிக் கேள்வி கேட்ட அனுபவம் பதினைந்து வருஷம் இருக்கும். மலையகத்தில் சில பொலிஸ் நிலையங்களில் வேலை செய்கிறவர்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று அறிய ஒரு சிறு குழு முன்வந்தது. பெயர் இங்கே வேண்டாம். அவர்களுடைய எண்ணம் நல்ல எண்ணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழுவின் பொறுப்பாளர் ஒரு பின்னேரம் ஏஐயிடம் உட்கார்ந்து 42 கேள்விகளை மூன்று மொழியிலும் வாங்கி எனக்கு அனுப்பிவிட்டார். 'மொழியை மட்டும் ஒருக்கா பாருங்க' என்று குறிப்பு.

ஏஐ செய்ததில் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு படிவத்தை வெறுந்தாளில் இருந்து தொடங்கி இந்த நிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு முன்பெல்லாம் மூன்று வாரம் போகும். 'உங்கள் சம்பளமும் வேலை நேரமும் திருப்தியாக உள்ளதா?' என்று ஒரே மூச்சில் இரண்டு விஷயத்தைக் கேட்கும் தப்பு, அனுபவசாலிகளே அடிக்கடி செய்வது. இந்தப் படிவத்தில் அது ஒரு இடத்தில்கூட இல்லை. எளிய கேள்விகளை முன்னாலும் கனமான கேள்விகளை நடுவிலும் வைத்திருந்தது. பதில்களுக்கு ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த அந்த ஐந்து படி அளவுகோல்: சிறிதும் உடன்படவில்லை என்பதில் தொடங்கி முழுமையாக உடன்படுகிறேன் வரை. பார்க்க ஒழுங்காக, அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அந்த ஒழுங்குதான் ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன். கரடுமுரடாக இருந்திருந்தால் எல்லோரும் இன்னும் கவனமாகப் பார்த்திருப்போம்.

முதலில் மொழி. 'உங்கள் மேலதிகாரி உங்கள் முதுகைப் பாதுகாக்கிறாரா?' என்று ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் அது, பிரச்சினை வந்தால் கூட நிற்கிறாரா என்று பொருள்படும் பேச்சு. தமிழில் அது வெறும் முதுகு. 'ரோந்து வாகனக் கூட்டாளி' என்று ஒருவர் வந்தார். 'உங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி உங்கள் குறைகளைக் கேட்கிறாரா?' என்றும் இருந்தது. இலங்கையில் பொலிஸாருக்குத் தொழிற்சங்கம் அமைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. தோட்டத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, சந்தா உண்டு, தலைவர் உண்டு. பொலிஸ்காரருக்கு அது எதுவும் கிடையாது. குறையைச் சொல்ல இருக்கிற ஒரே வழி மேலே போகும் வழி. குறையே மேலே இருப்பவரைப் பற்றியது என்றால் அவர் எங்கே போவார்? இப்படி ஒரு ஆய்வு தேவைப்படுவதே அதனால்தான். ஆனால் ஏஐ எழுதிய கேள்விக்குள் இருந்தது வேறு ஏதோ நாட்டு நகரம் ஒன்றின் பொலிஸ் நிலையம்.

இவற்றையெல்லாம் ஒரு நாளில் திருத்திவிட்டேன். ஏழாம் கேள்விதான் நகரவில்லை.

'மன உறுதி' என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சிங்களப் படிவத்தில் அதே இடத்தில் 'சித்த தைரிய' என்று இருந்தது. 'மொரேல்' (morale) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு மொழியிலும் அகராதி தருவது இதைத்தான், ஏஐயைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உறுதி, தைரியம் என்று காதில் விழுந்ததுமே அது மனநிலையைக் கேட்பதாக இல்லாமல் ஆளை எடை போடுவதாக ஆகிவிடுகிறது. நீ பலமானவனா, பயந்தவனா? காக்கி போட்ட எந்த மனிதர் இதற்கு 2 போடுவார்? 3 போட்டால்கூடப் பரீட்சையில் தோற்ற மாதிரி. அப்பா பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார். அவர் தைரியசாலி. அஞ்சு.

அதனால் அந்தச் சொல்லை இரண்டு மொழியிலிருந்தும் முழுதாக எடுத்துவிட்டேன். பதிலாக, எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேட்கலாம் என்று தோன்றியது. 'கடந்த 30 நாளில் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கிய நாட்கள் எத்தனை?' 'கடந்த 30 நாளில் மற்றவர்கள் முன்னால் மேலதிகாரி உங்களை ஏசிய நாட்கள் எத்தனை?' 'வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிசைகிற மாதிரி இருந்த நாட்கள் எத்தனை?' நாட்களை எண்ணுவதில் வீரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

பொலிஸ்காரரின் மனசைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று என் கூட்டாளி ஒருத்தி கேட்டாள். மலையகத்தில் பிறந்தவள் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தனை எங்கள் ஆட்கள் இன்னும் நினைவுகூருகிறார்கள். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பாவுக்கு அப்போது 16 வயது. நாலு வருஷம் கழித்து அவரே காக்கிச் சட்டையோடு லயத்து வாசலில் வந்து நின்றபோது அப்பாயி ஆறு மாசம் அவரோடு பேசவில்லையாம். தாத்தாவுக்கு ஏற்கெனவே பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால்தான் அப்பாவால் விண்ணப்பமே போட முடிந்தது. பக்கத்து லயத்தில் அவரோடு படித்த பையன்கள் பலருக்கு அந்தக் காகிதம் இல்லை.

அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். நாலு இரவு தூங்காத, காலையில் பத்துப் பேர் முன்னால் ஏச்சு வாங்கிய ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம், மலையிலிருந்து இறங்கி, படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஒரு கொழுந்து பறிக்கிற அக்கா நிற்கிறார். புருஷன் அடித்த கதையைச் சொல்ல வந்தவர். அவருக்கு அந்த மேசையில் என்ன கிடைக்கும்? மேலே இருந்து வந்த ஏச்சு கீழே இறங்கும். கடைசியில் அது வந்து விழுகிற இடம் நம்முடைய ஆட்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. இருந்தாலும் சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. அதைப் பொதுமக்களின் பிரச்சினை என்று மட்டும் பார்த்துப் பழகியிருந்தேன். படிவத்தைச் சரிபார்க்க நான் பேசிய கான்ஸ்டபிள் தம்பி ஒருவர், அனுராதபுரப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, மறுபக்கத்தைச் சொன்னார். "அக்கா, அழுதுகிட்டு ஒருத்தர் பேசுறாங்க. எனக்குப் பாதிதான் விளங்குது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேக்குறேன். அவர் சொன்னதை எழுதுறேன். அன்னைக்கு ராத்திரி நான் எழுதினது சரியான்னு படுத்துக்கிட்டே யோசிப்பேன்." சிங்களத்தில் சொன்னார், நான் எங்கள் பேச்சில் எழுதியிருக்கிறேன். 42 கேள்வியில் மொழியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் பெரும்பான்மையினர் தமிழ் பேசுகிறவர்கள் என்று ஏஐயிடம் யாரும் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. இப்போது சேர்த்திருக்கிறோம்: 'கடந்த 30 நாளில், ஒருவர் சொன்னது முழுதாக விளங்காமல் முறைப்பாடு எழுத வேண்டி வந்ததா? எத்தனை தடவை?'

படிவத்தை அச்சுக்கு முன் நாலு பேரிடம் வாசித்துக் காட்டி, பதில் சொல்லும்போதே மனசில் ஓடுவதையும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். இது எங்கள் தொழிலில் பழைய முறைதான், யாரும் செய்யத்தான் மாட்டார்கள், நேரம் போகும் என்று. அப்பா ஒருவர். மற்ற மூவரும் வேலையில் இருப்பவர்கள். ஏஐ எழுதிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஆபத்தைப் பற்றியவை: துப்பாக்கி, குற்றவாளி, தாக்குதல், விபத்தில் சிதைந்த உடல். கேட்டுக்கொண்டே வந்தவர்கள் அவற்றுக்கெல்லாம் தோளைக் குலுக்கினார்கள். வாய் திறந்தது வேறு இடங்களில்.

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் மார்கழிப் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை, ஏறத்தாழ ஐந்து மாதம் ஓடும். நல்லதண்ணிப் பக்கம் கடமைக்குப் போகிறவர் இரவுக் குளிரில் நின்று சனத்தை ஒழுங்குபடுத்த வேண்டும். அது முடியும் முன்பே ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம் வந்துவிடும். தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாளில் புத்தாண்டு வருகிற மாசம் அது. நாடே ஊருக்குப் போகும்போது இவர்கள் ரோட்டில் நிற்பார்கள். அப்புறம் தென்மேற்குப் பருவ மழை, மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மண்ணுக்குள் ஆட்களைத் தேடியவர்களில் இவர்களும் உண்டு. இதையெல்லாம் அவர்கள் குறையாகச் சொல்லவில்லை, கவனியுங்கள். "அது வேலை" என்றார்கள். குறையாகச் சொன்னது, அவர்கள் தங்குகிற பெரக்ஸில் தொங்கும் மழைக்கோட்டைப் பற்றி. "பெரக்ஸ்ல பத்துப் பேர் கோட்டு ஒரே கயித்துல தொங்குது. மூணு நாளானாலும் காயாது. கழட்டிப் போட்ட ஈரத்தையே மறுநாள் எடுத்து மாட்டுறோம். காய வைக்க ஒரு அறை கேட்டு எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம்." இதைச் சொன்னபோது அந்தச் சகோதரரின் குரல் மாறிவிட்டது. குளிர் அவரைப் பாதிக்கவில்லை. எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு யாரும் பதில் சொல்லாததுதான் பாதித்திருக்கிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் உள்ளதும் அல்ல. கனடாவில் டொனால்ட் மெக்ரியரி, மேகன் தொம்சன் என்ற இருவர் 2006இல் பொலிஸாருக்கென்றே இரண்டு கேள்விக்கொத்துகளை வெளியிட்டார்கள், ஒவ்வொன்றிலும் 20 கேள்வி. ஒன்று வேலையின் சுமையைக் கேட்கும்: இரவு முறை, தனியாகக் கடமை, காயப்படும் ஆபத்து, களைப்பு. மற்றது நிலையத்துக்குள்ளே நடப்பதைக் கேட்கும்: ஆள் பற்றாக்குறை, பாரபட்சம், வேலையை ஒழுங்காகப் பங்கிடாதது, தலைமை இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி இருப்பது. இரண்டாவது வகைச் சுமை முதல் வகைக்குக் குறையாமல், சில சமயம் அதைவிட அதிகமாகவே அழுத்துகிறது என்று பல நாட்டு ஆய்வுகளில் வந்திருக்கிறது. இப்படிச் சோதித்துப் பார்த்த கேள்விகள் இருக்கின்றன, அவற்றை அடிப்படையாக வைத்துக்கொள் என்று ஏஐயிடம் சொன்னதும் இரண்டாவது வரைவு எவ்வளவோ நன்றாக வந்தது. என்ன சொல்லிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மழைக்கோட்டை மட்டும் அதனால் தர முடியவில்லை. அது நேரில் கேட்டால்தான் வரும்.

இனிச் சொல்லப்போவது எனக்கு வருத்தமான பகுதி.

முதல் வரைவின் கடைசிப் பக்கத்தில் வழக்கமான விவரங்கள் இருந்தன: பதவி, பால், தாய்மொழி, சேவைக்காலம், வயது. பெயர் கேட்கவில்லை. மேலே 'உங்கள் பதில்கள் முற்றிலும் இரகசியமாகப் பேணப்படும்' என்று ஏஐ அழகாக எழுதியிருந்தது. நானும் அந்த வரியைத் தமிழில் திருத்தி, இன்னும் அழகாக்கினேன். நான் ஏழாம் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாரத்தில், குழு அந்தப் பழைய வரைவையே வட்ஸ்அப்பில் ஒரு நிலையத்துக்கு அனுப்பிப் பரீட்சித்துப் பார்த்தது. வந்த பதில்கள் ஒரு அட்டவணையில் வரிசை வரிசையாக விழுந்தன. அந்த அட்டவணை அப்படியே யாரோ ஒருவர் மூலம் நிலையத்தில் பொறுப்பாக இருந்த ஒருவரின் கைக்குப் போய்விட்டது.

நாற்பது பேர்கூட இல்லாத நிலையம். அங்கே தாய்மொழி தமிழ் என்று போட்ட பெண் கான்ஸ்டபிள் எத்தனை பேர் இருப்பார்? ஒருவர்.

இரவு எட்டரைக்கு எனக்குப் போன் வந்தது. "அக்கா, அந்தத் தாளை அச்சடிச்சு மேசையில வச்சு, 'இது நீங்கதானே'ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல?" மேலதிகாரி மரியாதையாகப் பேசுகிறார் என்ற வரிக்கு நேரே அந்தத் தங்கச்சி 1 போட்டிருந்தார். மற்ற எல்லோரும் முதல் கேள்வியில் இருந்து கடைசி வரை 4, 5 என்று ஒரே நெடுக்காக இறக்கியிருந்தார்கள். நம்பி உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அகப்பட்டுக்கொண்டார். நம்பச் சொன்ன வரி நான் செப்பனிட்ட வரி.

அவருக்கு நான் என்ன ஆறுதல் சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. குழுவைக் கூப்பிட்டு ஆய்வை அன்றிரவே நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். அந்தத் தங்கச்சியின் சம்மதத்தோடும், இடம் அடையாளம் தெரியாமலும்தான் இதை எழுதுகிறேன்.

இரகசியம் என்று எழுதிவிட்டால் இரகசியம் ஆகிவிடாது. லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் காட்டினார்: அமெரிக்க மக்களில் 87 வீதமானோரை அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டே தனித்தனியாக அடையாளம் காணலாம். கோடிக்கணக்கான சனம் உள்ள நாட்டிலேயே அப்படி என்றால், மலையுச்சியில் இருக்கிற சின்ன நிலையத்தில் இரண்டு விவரமே அதிகம். எங்கள் நாட்டிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாசலில் வந்து நிற்பது சட்டம் இல்லை, மேசையில் அச்சடித்து வைத்த தாள்.

புதிய படிவத்தில் பால், தாய்மொழி, பதவி மூன்றும் சேர்ந்து வராது. ஒரு நிலையத்துக்கென்று தனி முடிவு வெளியிட மாட்டோம், பல நிலையங்களைச் சேர்த்துத்தான். பத்துப் பேருக்குக் குறைந்த எந்தக் கூட்டத்தின் பதிலும் யாருக்கும் காட்டப்படாது. போன் இல்லை, கூகுள் படிவம் இல்லை. தாள்தான், புள்ளடி மட்டும், கையெழுத்துத் தெரியக்கூடிய இடமே கிடையாது. எழுத விரும்புகிறவர் எங்களுக்கு நேராகச் சொல்லலாம். அப்புறம் ஒவ்வொரு தாளின் அடியிலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறோம். பெயரில்லாத தாளில் ஒருவர் உயிரை விடத் தோன்றுகிறது என்று புள்ளடி போட்டால், அவரை நாம் தேடிப் போக முடியாது. உதவிக்கான வழி அந்தத் தாளிலேயே இருந்தாக வேண்டும்.

மிகவும் கூசுகிற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் வேறு ஒரு வழி வைத்திருக்கிறோம். 1965இல் ஸ்டான்லி வோர்னர் என்பவர் தொடங்கி வைத்த யோசனை அது, நாணயம் சுண்டுகிற வடிவம் பிறகு வந்தது. இதை முதலில் அப்பாவிடம்தான் பரீட்சித்தேன். பத்து ரூபாய்க் குற்றி ஒன்றைக் கொடுத்தேன். "சுண்டிப் பாருங்க, எனக்குக் காட்டாதீங்க. இலக்கம் உள்ள பக்கம் விழுந்தா, கேள்வி என்னவா இருந்தாலும் 'ஆம்'னு சொல்லுங்க. மற்றப் பக்கம் விழுந்தா உண்மையைச் சொல்லுங்க." கேள்வி: 'வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எப்போதாவது நினைத்ததுண்டா?'

கணக்கு சுலபம். நூறு பேர் சுண்டினால் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு இலக்கம் விழும், அவர்கள் ஆம் என்பார்கள். மொத்தம் எழுபது பேர் ஆம் சொல்லியிருந்தால், மீதி ஐம்பதில் இருபது பேரின் ஆம் உண்மையானது. அதாவது 40 வீதம். யார் அந்த இருபது என்று ஆய்வு செய்கிறவருக்கும் தெரியாது, மேலதிகாரிக்கும் தெரியாது, கடவுளுக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் மட்டும்தான். ஆள் குறைவாக இருந்தால் கணக்கு ஆடும் என்பதால் எல்லா நிலையங்களையும் சேர்த்தே இதைப் பார்க்க முடியும்.

அப்பா சுண்டினார். குற்றி மேசையில் சுழன்று விழுந்ததும் உள்ளங்கையால் மூடினார். கையை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தார். மறுபடி மூடினார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்," என்றார்.

குற்றி சொன்னதா, அவர் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் குற்றியை என்னிடம் திருப்பித் தரும்போது, கேட்காமலே பேசத் தொடங்கினார். அப்பாயி செத்த கதை. அப்போது அவர் வேறு மாகாணத்தில் கடமை. தந்தி வந்துவிட்டது, லீவுக் கடிதமும் எழுதி மேசையில் வைத்தாயிற்று, கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியே போயிருந்தார். பின்னேரம் வந்தவர் "நாளைக்குப் பார்ப்போம்" என்றாராம். அப்பா மறுநாள் இரவு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து லயத்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "தண்ணி வாசல்ல இருந்து காணுக்கு ஓடுது. நான் சப்பாத்தோட நிக்கிறேன்," என்றார். முதல் முறையாகக் கேட்கிறேன் இதை. 'கடைசியாக அவசர லீவு தேவைப்பட்டபோது என்ன நடந்தது?' என்ற கேள்வி, புள்ளடி போடக்கூடிய பதில்களோடு, அன்றைக்குத்தான் படிவத்தில் ஏறியது. இப்போது அதுதான் ஏழாம் கேள்வி.

நிறுத்திய ஆய்வை மறுபடி தொடங்கப் பேசியபோது குழுவில் ஒருவர் வேறு யோசனை சொன்னார். தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் குறைவு, அவர்களை ஆபத்தில் மாட்டாமல், அவர்கள் பதிலை ஏஐயிடமே வாங்கிவிடலாமே என்று. வெளிநாடுகளில் இப்படிச் செய்து பார்க்கிறார்கள்தான். 'நீ 34 வயது, மலையகத் தமிழ்க் கான்ஸ்டபிள், இரண்டு பிள்ளைகள்' என்று சொல்லிக் கேள்வியைக் கொடுத்தால் அது அந்த ஆளாக நின்று பதில் தரும். நானும் கொடுத்துப் பார்த்தேன். 'கடமை சவாலானதாக இருந்தாலும் என் சமூகத்துக்குச் சேவை செய்வதில் பெருமை கொள்கிறேன். அதேவேளை வேலை–குடும்பச் சமநிலை முக்கியம்' என்று வந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆளும் இல்லை. மற்றவர்கள் எங்கேயோ எழுதி வைத்ததிலிருந்துதான் அது பேசும். எங்கள் பொலிஸ்காரர்கள் எங்கே என்ன எழுதி வைத்தார்கள்? அந்தத் தங்கச்சி வாழ்க்கையில் முதல் தடவை ஒரு தாளில் உண்மையைப் போட்டார், அதற்கு என்ன கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். அவர் இடத்தில் ஒரு இயந்திரத்தைப் பேச வைத்துவிட்டு மலையகப் பொலிஸாரின் குரல் என்று அச்சடிப்பதற்கு என் பெயரைத் தர மாட்டேன் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். யோசனையை விட்டுவிட்டார்கள்.

எங்களுக்கு நேராகச் சொல்லப்படும் பதில்களை வகைப்படுத்த, சிங்களப் பதில்களையும் தமிழ்ப் பதில்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஏஐயைப் பயன்படுத்தப் போகிறோம். அதில் அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். ஒரு மொழியில் உள்ள கேள்வியை வேறு ஒருவர் திருப்பி மொழிபெயர்த்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது பழைய விதி, அதற்கும் உதவுகிறது. வைக்க வேண்டிய இடத்தில் வைத்தால் நல்ல உதவியாள்.

போன சனிக்கிழமை அப்பா பெட்டி செய்து முடித்தார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைதான், மேலே தாளை மடித்துப் போடுகிற அளவுக்கு ஒரு வாய். வாயின் விளிம்பை மண்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார், கை உரசினால் தும்பு ஏறக்கூடாது என்று. பெட்டியை பெரக்ஸில் வைக்க வேண்டாம், சாப்பாட்டு அறையில் வை, அங்கேதான் யார் எப்போது வந்தார் என்று ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னார். 33 வருஷம் அங்கே சாப்பிட்டவருக்குத் தெரியும்.

பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், இன்னும் பேச்சு நடக்கிறது. அது முடியும் வரை இரண்டும் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் தொங்குகின்றன.